திராய்மடுவிலிருந்து: ஒரு ஜூலை

ஜூலை 9, புதன்

மட்டக்களப்புக்கு, திராய்மடு வீட்டுக்கு வந்து 3 நாள். இன்னும் விடியக் காலை 3 மணிக்கு விழிப்பு. அமெரிக்க அணு ஆய்வகத்திலிருந்து மின்னஞ்சல் எதுவும் இல்லை.

என்னோடு பிஎச்.டி. செய்யும் அமெரிக்கப் பிள்ளைகளுக்கு அவர்களுடைய எரிசக்தித் திணைக்களத்தின் திட்டம் ஒன்று இருக்கிறது. 3 முதல் 12 மாதம் வரை ஒரு தேசிய ஆய்வகத்தில் இருந்து ஆய்வேட்டின் ஒரு பகுதியைச் செய்யலாம். குடியுரிமையோ நிரந்தர வதிவிடமோ இருக்க வேண்டும், அதனால் எனக்கு அந்தக் கதவு இல்லை. ஆய்வகமே நேரடியாக எடுக்கும் இன்டர்ன்ஷிப்புக்குத்தான் போட்டிருக்கிறேன். எடுத்தாலும் வாசலைத் தாண்டத் தனி அனுமதி வேண்டும்.

ஜூலை 13, ஞாயிறு

களுவாஞ்சிக்குடியிலிருந்து பெரியம்மா தயிர்ச் சட்டியோடு வந்தா. வந்ததும் வராததுமாக, "குண்டு செய்யிற இடமா மகள்?" என்றா. அப்பா பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். இந்த ஊரில் அந்தச் சொல்லைச் சும்மா கேட்க முடியாது.

அடுப்பில் குழல் பிட்டு அவிந்துகொண்டிருந்தது. நல்லதாய்ப் போயிற்று. அணு உலைக்கு எரிபொருள் செய்வதும் இப்படித்தான்: யுரேனியம் ஒட்சைட்டைச் சுண்டுவிரல் நுனியளவு வில்லைகளாகச் சுட்டு, கிட்டத்தட்ட 4 மீற்றர் நீளக் குழலில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவார்கள். குழலின் சுவர் ஒரு மில்லிமீற்றர்கூட இல்லை. பிட்டு வேறு ஆக்களின் வேலை, குழல்தான் என்னுடையது என்றேன்.

"மறுகா, மூங்கில் போதாதோ?"

போதாது பெரியம்மா. உலையில் அணுப் பிளவைத் தொடரவைக்கும் நியூத்திரன் துகளைப் பெரும்பாலும் விழுங்காத உலோகமாக இருக்க வேண்டும், அதற்குத்தான் சிர்க்கோனியம். சுற்றியோடும் நீர் 300 பாகை செல்சியசுக்குக் கிட்ட. அந்தச் சூட்டில் உலோகம் மெல்ல மெல்லத் துருப்பிடித்து, நீரிலிருந்து பிரியும் ஐதரசனில் கொஞ்சத்தைத் தானே உறிஞ்சிக்கொள்ளும். அது உள்ளே மெல்லிய தகடுகளாகப் படியும். ஐதரைட்டு என்போம். படிந்தால் குழல் நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். குளிர்விக்க நீர் இல்லாமல் சூடு எகிறினால் கதை வேறு: 2011இல் ஃபுகுஷிமாவில் கட்டடக் கூரைகளைத் தூக்கியெறிந்தது நீராவியும் இந்த உலோகமும் சேர்ந்து உண்டாக்கிய ஐதரசன்தான். (இதைப் பெரியம்மாவிடம் சொல்லவில்லை.)

ஜூலை 17, வியாழன்

நேற்று இரவு 9.30க்கு நேர்முகம். அவர்களுக்குக் காலை 10 மணி. பாதியில் இணையம் விழுந்து, தம்பியின் கைபேசி டேட்டாவில் தொடர்ந்தேன். வெளியே நாய்கள் வேறு.

ஒரே ஒரு கேள்விதான் மனதில் நிற்கிறது. "உன் படத்தில் தெரியும் ஐதரைட்டு உலையில் உண்டானதா, நீ உண்டாக்கியதா?"

நியாயமான கேள்வி. எலக்ட்ரான் நுண்ணோக்கியில் ஊடுருவிப் பார்க்க மாதிரியை 100 நானோமீற்றர் அளவுக்கு மெல்லியதாக்க வேண்டும். காலியம் அயன் கற்றையால் செதுக்குவோம். சிர்க்கோனியம் ஐதரசனுக்கு அலைகிற உலோகம். செதுக்கும்போதே அக்கம்பக்கத்திலிருந்து உறிஞ்சி, முன்பு இல்லாத ஐதரைட்டைப் புதிதாக வளர்த்துவிடும். முதலாம் வருடம் நான் அப்படி ஒன்றைக் கண்டு 2 மாதம் பரவசப்பட்டிருந்தேன். அதையே சொன்னேன். மாதிரியை உறைகுளிரில் வைத்துச் செதுக்கினால் ஐதரசன் நகராது, அதைச் செய்யும் கருவி உங்களிடம் இருக்கிறது, எங்களிடம் இல்லை, வர விரும்புவது அதற்காகத்தான் என்றேன். அவர் சிரித்தார். நல்ல சிரிப்பா என்று தெரியவில்லை.

ஜூலை 24, வியாழன்

ஆடி அமாவாசை. மாமாங்கம் கோயிலில் தீர்த்தம், குளத்தைச் சுற்றி நிற்க இடமில்லை. அம்மா என் பெயரில் அர்ச்சனை செய்தா. வேலை கிடைக்கவா, கிடைக்காமலிருக்கவா என்று கேட்கவில்லை. கதிர்வீச்சு என்றால் அவவுக்கு இன்னும் தலைமயிர் கொட்டுவதுதான். சட்டையில் குத்தும் அளவுமானி, முன்னறிவிப்பில்லாத சோதனைகள் எல்லாம் சொல்லிப் பார்த்தேன். சாதாரணமாக இருக்கிற மனிதருக்கே மண், காற்று, உணவு, விண்வெளி என்று இயற்கையிலிருந்தே வருடம் சராசரி 2, 3 மில்லிசீவெட் கதிர்வீச்சு கிடைக்கிறது என்றதும் அவ பயம் கூடிப்போயிற்று. என் பிழை.

பின்னேரம் கல்லடிக் கடற்கரை. அலை திரும்பிய இடத்தில் மணலில் கறுப்புக் கோடுகள், பாரமான கனிமங்கள். புல்மோட்டையில் இதைத்தான் அள்ளி இல்மனைட்டு, ரூட்டைல், சிர்க்கன் என்று பிரிக்கிறார்கள். என் சிர்க்கோனியம் பிறப்பது இந்தச் சிர்க்கனிலிருந்துதான். உலகத்துச் சிர்க்கனில் பெரும்பங்கு ஓடு, பீங்கான் வேலைக்குத்தான். அணு உலைக்கென்றால் கூடவே ஒட்டியிருக்கும் ஹாஃப்னியத்தை நீக்க வேண்டும். அது நியூத்திரனை விழுங்கும். 1904இல் ஆனந்த குமாரசுவாமி தோரியனைற்று என்ற கதிரியக்கக் கனிமத்தைக் கண்டதும் இந்தத் தீவில்தான். அவரைக் கலை எழுதியவராக மட்டும் பாடசாலையில் படித்தோம், கனிமவியல் பணிப்பாளராக யாரும் சொல்லித் தரவில்லை.

கொஞ்சம் மண்ணைப் போத்தலில் எடுத்தேன். தம்பி பழைய ஸ்பீக்கர் காந்தத்தால் கிண்டிக்கொண்டிருக்கிறான்.

ஜூலை 28, திங்கள்

மின்னஞ்சல் வந்தது. எடுத்திருக்கிறார்கள், அனுமதி கிடைத்தால். கூடவே 9 பக்கப் படிவம். 10 வருடத்தில் இருந்த முகவரிகள் எல்லாம், வீட்டு இலக்கம், வீதி, தபால் குறியீடு. 30000 சரி. சுனாமிக்குப் பிறகு கட்டித் தந்த இந்த வீட்டுக்கு வீதிப் பெயர் கிடையாது, இலக்கத்தைக் கதவோடு பெயின்ற் அடித்து மறைத்துவிட்டோம். பெட்டியை வெறுமையாக விட்டால் அடுத்த பக்கம் திறக்காது.

அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரையைப் பார்த்தார். "கோயிலுக்குப் பின்னால எண்டு போடு மகள்."

தம்பி கத்தியோடு போய்க் கதவைச் சுரண்டத் தொடங்கிவிட்டான்.