பின்மண்டையிலிருந்து நெற்றிக்கு

2023 அக்டோபர் வரை என் பின்மண்டையில் வளர்ந்துகொண்டிருந்த முடியில் ஒரு பகுதி இப்போது நெற்றிக்கு மேலே இருக்கிறது. மொத்தம் 1,640 கிராஃப்ட், அதாவது ஒன்று முதல் மூன்று முடி வரை உள்ள வேர்த்துண்டுகளாக எடுத்து நட்டது. எண்ணி, சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். அதற்கு முன் ஒன்றரை ஆண்டு மருந்து. அதற்கும் முன் நான்கு மாதம் தவறான இடத்தில் கட்டிய பணம். காசிமேட்டிலும் தண்டையார்பேட்டையிலும் என்னைத் தெரிந்த பையன்கள் தனியாகக் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு விசாரிக்கிறார்கள். அவர்களிடம் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எனக்கு இருபத்து நான்கு வயதிலேயே இரண்டு பக்கமும் நெற்றி உள்வாங்கத் தொடங்கியது. அதை முதலில் கவனித்தவர் எங்கள் தெரு சலூன் அண்ணன். "முன்பக்கம் கொஞ்சம் நீளமாகவே விட்டுவிடட்டுமா தம்பி?" என்று கேட்டார். அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது.

2021 மழைக்காலத்தில் டெங்கு வந்து ஒன்பது நாள் படுத்துக் கிடந்தேன். உடம்பு தேறி, தம்பு செட்டித் தெருவில் உள்ள அலுவலகத்துக்கு மீண்டும் போகத் தொடங்கி, காய்ச்சலையே மறந்துவிட்டேன். பொங்கல் முடிந்த வாரம் தலைக்குக் குளித்தபோது கைநிறைய முடி வந்தது. தண்ணீர் போகும் சல்லடையில் முடி சுருண்டு அடைத்துக்கொண்டு, கணுக்கால் அளவு தண்ணீர் தேங்கி நின்றது. வீட்டில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். போர்வெல் தண்ணீரின் உப்புதான் என்றார் அம்மா. அக்கா சின்ன வெங்காயச் சாறு அரைத்துக் கொடுத்தாள். ஆடி மாதம் பெரியபாளையத்து அம்மனுக்கு மொட்டை போடுவதாகப் பெரியம்மா எனக்காக வேண்டிக்கொண்டார்.

நான் போய் நின்றதோ பெரிய சாலை ஒன்றில் கண்ணாடிக் கதவு போட்டிருந்த முடி சிகிச்சை நிலையத்தில். வெள்ளைக் கோட்டு அணிந்த ஒருவர் தலையைக் கேமராவில் பெரிதாக்கிக் காட்டினார். அவர் மருத்துவர் அல்ல, விற்பனைக்கான ஆலோசகர் என்பது பிறகுதான் தெரிந்தது. காய்ச்சல் வந்ததா என்று அவர் கேட்கவே இல்லை. ரத்தம் எடுத்துப் பிளேட்லெட்டைப் பிரித்து மண்டையில் ஊசியாகப் போடுவோம், பிறகு 4,000 கிராஃப்ட் நட்டுப் பள்ளிக்கூட வயதில் இருந்த நெற்றியையே கொண்டுவந்துவிடலாம், இன்றைக்கே பணம் கட்டினால் தள்ளுபடி என்றார். முதல் தவணையாக 18,000 ரூபாய் கட்டினேன். நான்காவது மாதம் முடி கொட்டுவது நின்றது. ஊசிதான் நிறுத்தியது என்று நம்பினேன். ஆனால் நெற்றி மட்டும் ஏறிக்கொண்டே இருந்தது.

எங்கள் தெருவில் இருக்கும் செவிலியர் அக்கா ஒருவர்தான், "முதலில் ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்குப் போ, தோல் பிரிவில் காட்டு" என்று அதட்டி அனுப்பினார். 2022 மே மாதம், பழைய சிறைச்சாலை சாலை வாசலில் காலையிலேயே போய் ஓ.பி. சீட்டு வாங்கினேன். கூட்டம் அதிகம். காத்திருக்கத்தான் வேண்டும். ஆனால் உள்ளே இருந்த டாக்டர் அம்மா கேட்ட முதல் கேள்வி, "கொட்ட ஆரம்பிப்பதற்கு இரண்டு மூன்று மாதம் முன்னால் காய்ச்சல், அறுவை சிகிச்சை ஏதாவது உண்டா?" என்பதுதான். ஐம்பது அறுபது முடியை விரலிடுக்கில் பிடித்து மெல்ல இழுத்துப் பார்த்தார். தோலைப் பெரிதாக்கிக் காட்டும் டெர்மாஸ்கோப்பை உச்சியில் வைத்துப் பார்த்தார், பின்மண்டையில் வைத்தும் பார்த்தார். இரும்புச்சத்து, தைராய்டு, வைட்டமின் டி பார்க்க ரத்தப் பரிசோதனைக்கு எழுதினார்.

அவர் சொன்னது இது. ஒவ்வொரு முடியும் இரண்டு முதல் ஆறு ஆண்டு வளரும், மூன்று மாதம் போல ஓய்வில் இருக்கும், பிறகு உதிரும். ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி உதிர்வது இயல்பு. கடுமையான காய்ச்சல், பிரசவம், திடீரென்று எடை குறைவது போன்றவை ஏராளமான முடியை ஒரே நேரத்தில் ஓய்வுக்குத் தள்ளிவிடும். அவை இரண்டு மூன்று மாதம் கழித்து மொத்தமாகக் கொட்டும். பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் தானாகவே அடங்கி, திரும்ப முளைக்கும். "அந்த ஆறு மாதத்தில் நீங்கள் யாரிடம் பணம் கட்டியிருந்தாலும் நல்ல பெயர் அவருக்குத்தான் போகும்" என்றார். என் 18,000 ரூபாய் எங்கே போனது என்று அப்போது விளங்கியது.

எனக்கு இருந்த இரண்டாவது சிக்கல் வேறு. உச்சியில் தடித்த முடியும் பூனைமுடியும் கலந்து இருந்தன. அது பரம்பரை வழுக்கையின் அடையாளம். டெஸ்டோஸ்டிரோனிலிருந்து உருவாகும் டி.எச்.டி. என்ற ஹார்மோனுக்கு, அந்தப் பகுதியின் வேர்கள் அளவுமீறி எதிர்வினை காட்டும். வளர்ந்து உதிரும் ஒவ்வொரு சுற்றிலும் வேர் சுருங்கி, முடி மெலிந்துகொண்டே போகும். ஹாமில்டன் என்பவர் 1951இல் வகுத்து, நார்வுட் என்பவர் 1975இல் திருத்திய வழுக்கை அளவுகோலில் ஏழு படிகள் உண்டு. நான் மூன்றாம் படி. பின்மண்டை வேர்கள் இந்த ஹார்மோனை மதிப்பதில்லை. இடம் மாற்றி நட்டாலும் அந்தக் குணத்தை விடுவதில்லை என்பதால்தான் முடி நடுவது என்ற சிகிச்சையே சாத்தியமாகிறது.

என்னிடம் கேட்கப்படும் கேள்விகளை எல்லாம் நான் அந்த அறையில் கேட்டுவிட்டேன். உப்புத் தண்ணீர் முடியைச் சொரசொரப்பாக்கும், உடையச் செய்யும், வழுக்கையைக் கொண்டுவராது. ஹெல்மெட்டும் காரணம் இல்லை, அதைச் சாக்காக வைத்து யாரும் கழற்றிவிடாதீர்கள். மொட்டை அடித்தால் அடர்த்தி அதிகரிக்காது, ஏனென்றால் கத்தி வேரைத் தொடுவதே இல்லை. வேண்டுதலுக்காக நானும் பெரியபாளையம் போய் மொட்டை போட்டேன், அது வேறு விஷயம். தாய்மாமனுக்கு வழுக்கை என்றால் எனக்கும் வருமா? முக்கியமான மரபணு ஒன்று அம்மா வழியில் வருவது உண்மை, ஆனால் அப்பா வழியிலும் பல வருகின்றன. கைப்பழக்கத்தால் முடி கொட்டும் என்று பயமுறுத்திப் பணம் பறிப்பவர்களை நம்பி ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். இந்தக் கேள்வியைக் கேட்க முடியாமல் எத்தனை பையன்கள் ஆண்டுக்கணக்கில் குமைகிறார்கள் என்று எனக்குத் தெரியும்.

மருந்து இரண்டு. காலையும் இரவும் ஒரு மில்லி மினாக்சிடில் 5 சதவீதம், தினம் ஒரு ஃபினாஸ்டிரைடு 1 மில்லிகிராம். முன்னது ரத்த அழுத்தத்துக்காகக் கொடுக்கப்பட்ட மருந்து. சாப்பிட்டவர்களுக்கு உடம்பெல்லாம் முடி வளர்ந்ததைப் பார்த்துத்தான் தலையில் தடவும் திரவமாக மாற்றினார்கள். பின்னது டி.எச்.டி. உருவாவதைக் குறைக்கிறது. சிறு பகுதியினருக்கு ஆண்மை சார்ந்த குறைபாடும் மனச்சோர்வும் வரலாம் என்று டாக்டர் மறைக்காமல் சொன்னார். வந்தால் உடனே வந்து சொல்லச் சொன்னார். எனக்கு வரவில்லை. ஆனால் மருத்துவர் சீட்டு இல்லாமல் கடையில் வாங்கிச் சாப்பிடாதீர்கள்.

மினாக்சிடில் தொடங்கிய மூன்றாம் வாரம் இன்னும் அதிகமாகக் கொட்டியது. பழைய முடியைத் தள்ளிவிட்டுப் புதிது வரும் கட்டம் அது. பலர் இங்கேதான் பயந்து நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தினால் மருந்தால் கிடைத்த முடி சில மாதத்தில் போய்விடும். குழல்விளக்குக்குக் கீழே, அதே சுவர் முன்னால், மாதம் ஒரு முறை புகைப்படம் எடுத்துக்கொண்டேன். ஆறாம் மாதம் வரை ஒன்றும் தெரியவில்லை. பத்தாம் மாதப் படத்தில் உச்சி நிறைந்திருந்தது. நெற்றி ஓரங்கள் அப்படியே இருந்தன.

ஒரு முக்கியமான செய்தி, மருந்துப் பெட்டியில் எங்கும் நான் பார்க்காதது: மினாக்சிடில் பூனைகளுக்குக் கொடிய நஞ்சு. தலையணையில் ஒட்டியதை நக்கினால்கூட உயிருக்கு ஆபத்து. மீன் வரும் எங்கள் தெருவில் பூனை வராத வீடு கிடையாது. தடவிய கையைச் சோப்பு போட்டுக் கழுவி, தலை காய்ந்த பிறகுதான் படுப்பேன். அதே போல, கருவுற்ற பெண்கள் உடைந்த ஃபினாஸ்டிரைடு மாத்திரையைத் தொடக் கூடாது. திருமணத்துக்குப் பிறகு என் மாத்திரை டப்பாவுக்குத் தனி அலமாரி.

நெற்றி ஓரத்துக்கு முடி நடலாம் என்று முடிவு செய்தது 2023இல். பயம் இருந்தது. 2016இல் இதே சென்னையில் இந்தச் சிகிச்சை செய்துகொண்ட மருத்துவ மாணவர் ஒருவர் பின்னர் இறந்த செய்தியை நான் மறக்கவில்லை. பதிவு பெற்று முறையாகப் பயிற்சி எடுத்த மருத்துவரே இதைச் செய்ய வேண்டும், யூடியூப் பார்த்துக் கற்றது பயிற்சி ஆகாது என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. அதனால் போன இடமெல்லாம் நான் கேட்டது, "மரத்துப்போக ஊசி போடுவது யார், துளையிடுவது யார், அவசரம் என்றால் என்ன வசதி இருக்கிறது?" என்றுதான். நேராகப் பதில் சொன்ன ஒரு தோல் மருத்துவரிடம் போனேன்.

நெற்றிக்கோடு வரைவதற்காகவே ஒரு நாள் வரச் சொன்னார். கண்ணாடி முன் உட்காரவைத்து, "புருவத்தைத் தூக்குங்கள்" என்றார். நெற்றியில் மடிப்புகள் விழுந்தன. மேல்மடிப்புக்கு ஒன்றரைச் சென்டிமீட்டர் மேலே கறுப்புப் பேனாவால் ஒரு புள்ளி வைத்தார். நான் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு அனுமதிச் சீட்டைக் கையோடு கொண்டு போயிருந்தேன். அதிலுள்ள படத்தைக் காட்டி, இன்னும் ஒரு சென்டிமீட்டர் இறக்கச் சொன்னேன். அவர் பொறுமையாக விளக்கினார். மேல்மடிப்பை ஒட்டி இருப்பது சிறுவர்களின் கோடு. இருபதுகளுக்குள் அது ஒரு விரல் அளவு ஏறுவது பெரும்பாலான ஆண்களுக்கு இயல்பு. அது வழுக்கை இல்லை. "உங்கள் ஐம்பது வயது முகத்துக்கும் இந்தக் கோடு பொருந்த வேண்டும்." ஒரு சென்டிமீட்டர் இறக்கினால் சுமார் 500 கிராஃப்ட் கூடுதலாகச் செலவாகும் என்று பெருக்கிக் காட்டினார். பிறகு கோட்டை நேராக இழுக்காமல், கொஞ்சம் கோணல்மாணலாக வரைந்தார். இயற்கையான நெற்றியில் நேர்கோடு கிடையாது. இதுவரை நான் கவனிக்காதது. இப்போது பஸ்ஸில் எல்லார் நெற்றியையும் பார்க்கிறேன்.

அன்று மாலை அப்பா வாசலில் வலை கட்டிக்கொண்டிருந்தார். என்ன செய்யப் போகிறார்கள் என்று கேட்டார். சொன்னேன். ஊசியை நூலோடு அப்படியே நிறுத்தினார். "பெரிய கிழிசலுக்குப் பழைய வலையில் நல்ல துண்டாக வெட்டி வைத்துத்தான் கட்டுவோம். வெட்டிய வலை சின்னதாகிவிடும். உனக்கு எங்கிருந்து எடுக்கிறார்கள்?" தலையைக் குனிந்து காட்டினேன். மீன் வாடை அடிக்கும் கட்டைவிரலால் பின்மண்டையை அழுத்தித் தடவிவிட்டு, "இங்கே எவ்வளவு மிச்சம் வைப்பார்கள் என்று கேட்டாயா?" என்றார். நான் கேட்கவில்லை. எந்த நிலையத்திலும் யாரும் சொல்லவும் இல்லை. மறுநாள் காலை டாக்டருக்குப் போன் செய்தேன். ஆயுளுக்கும் சேர்த்துச் சில ஆயிரம்தான் எடுக்க முடியும், மேலே எடுத்தால் பின்மண்டை பூச்சி அரித்தது போல் ஆகிவிடும், பத்து ஆண்டு கழித்து உச்சிக்குத் தேவைப்பட்டால் எடுக்க இப்போதே விட்டுவைக்கிறேன் என்றார். 28 வயதில் என் தலையில் 4,000 கிராஃப்ட் நடப் பார்த்தவர்களை நினைத்து வயிறு கலங்கியது.

சிகிச்சை நாளில் வலி என்றால் முதல் பத்து நிமிடம் மரத்துப்போகப் போடும் ஊசிகள்தான். பிறகு குப்புறப் படுத்தபடி மூன்று மணி நேரம். ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான வட்ட ஊசியால் ஒவ்வொரு வேராகத் துளைத்து எடுத்துக் குளிர்ந்த உப்புநீரில் வைத்தார்கள். ஒரு முடி உள்ளவை, இரண்டு உள்ளவை, மூன்று உள்ளவை என்று பிரித்தார்கள். ஒற்றை முடிகள் முன்வரிசைக்கு. நடுவில் தயிர்சாதம். மாலை ஆறு மணிக்கு முடிந்தது.

இரண்டாம் நாள் நெற்றி வீங்கி, மூன்றாம் நாள் வீக்கம் இமைக்கு இறங்கியது. ஒரு வாரம் சாய்ந்தபடியே தூங்கினேன். பொருக்கு பத்து நாளில் உதிர்ந்தது. மூன்றாம் வாரத்திலிருந்து நட்ட முடியே உதிரத் தொடங்கும், வேர் உள்ளேயே இருக்கும் என்று முன்பே சொல்லியிருந்ததால் தாங்க முடிந்தது. நான்காம் மாதம் முளைத்தது. ஓராண்டில் முழுதாக வந்தது. பழைய அடர்த்தி இல்லை. மருந்தும் நிற்கவில்லை, ஏனென்றால் நடாத முடிக்கு அந்த நோய் இன்னும் இருக்கிறது. செலவு ஒரு கிராஃப்டுக்கு 45 ரூபாய் கணக்கில் 73,800. காப்பீட்டில் வராது.

போன மாதம் பக்கத்துத் தெருப் பையன் ஒருவன் வந்தான். 21 வயது. 3,000 கிராஃப்டுக்கு முன்பணம் கட்டிய ரசீதைக் காட்டினான். தொப்பியைக் கழற்றச் சொன்னேன். காதுக்கு மேலே ஐந்து ரூபாய் நாணயம் அளவில், வழவழவென்று ஒரு வட்டம். பக்கத்தில் இன்னொன்று சின்னதாக. மறுநாளே ஸ்டான்லிக்குக் கூட்டிப்போனேன். புழுவெட்டு. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே வேரைத் தாக்குவதால் வருவது, முடி நட்டுத் தீர்க்கும் நோய் இல்லை. வட்டத்துக்குள் ஸ்டீராய்டு ஊசி போட்டிருக்கிறார்கள். ஓரத்தில் வெள்ளையாகப் பொடிமுடி தெரிகிறது. அடுத்த ஊசிக்கு வியாழக்கிழமை போக வேண்டும், காலை ஏழு மணிக்கே வாசலில் நிற்கச் சொல்லியிருக்கிறேன்.