காஜா பெராங் சாலையில் ஒரு போகி

கோலாலம்பூரிலிருந்து மலாக்கா ஏறத்தாழ 145 கிலோமீட்டர். பேருந்தில் இரண்டு மணி நேரப் பயணம். பள்ளிச் சுற்றுலாவில் தொடங்கி இன்றுவரை பத்துப் பதினைந்து முறையாவது அங்கே போயிருப்பேன். ஒவ்வொரு முறையும் சிவப்புச் சாயம் பூசிய டச்சுச் சதுக்கம், ஆ ஃபமோசா கோட்டையில் எஞ்சி நிற்கும் ஒற்றை வாயில், ஜோங்கர் தெருவின் கூட்டம், உருண்டை பிடித்த கோழிச்சோறு, ஒரு கிண்ணம் செண்டோல் எனும் தேங்காய்ப்பால் இனிப்பு என்று ஒரே தடத்தில் சுற்றிவிட்டு மாலைப் பேருந்தைப் பிடித்துவிடுவேன். கடந்த ஜனவரியில், என்னோடு வேலை செய்யும் தோழி ஒருத்தி போகியன்று தன் பாட்டி வீட்டுக்கு வரும்படி அழைத்ததால்தான் அந்தத் தடத்தை விட்டு விலக நேர்ந்தது.

அவளுடைய பெயரின் பின்பாதி பிள்ளை. அவள் பேசுவது மலாய். இரண்டு ஆண்டுகளுக்கு முன் அவள் எங்கள் அலுவலகத்தில் சேர்ந்த முதல் வாரத்தில், பெயர்ப்பலகையைப் பார்த்துவிட்டு நான் உற்சாகமாகத் தமிழில் பேசத் தொடங்க, அவள் பொறுமையாகக் கேட்டு முடித்துவிட்டு, தனக்குத் தமிழ் தெரியாது என்று மலாயில் சொன்னாள். தமிழ்ப் பிள்ளைக்குத் தமிழ் தெரியவில்லையே என்ற ஏளனம் என் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். அவள் மலாக்கா செட்டி சமூகத்தைச் சேர்ந்தவள் என்பதும், அந்தச் சமூகத்துக்கும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வட்டித்தொழில் நடத்த வந்த நாட்டுக்கோட்டைச் செட்டியார்களுக்கும் உறவில்லை என்பதும் எனக்குப் பிறகுதான் விளங்கின. செட்டிகள் மலாக்கா சுல்தான்களின் காலத்திலேயே சோழமண்டலக் கரையிலிருந்து வந்து தங்கிய வணிகர்களின் வழித்தோன்றல்கள். வந்தவர்கள் இங்கேயே மணம் முடித்தார்கள், வீட்டுமொழி மலாயாக மாறியது, சாமி மாறவில்லை.

அன்று காலை சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டதால், படையலுக்கு முன் துக்காங் எமாஸ் தெருவில் சற்று நடந்தேன். துக்காங் எமாஸ் என்றால் பொற்கொல்லர். ஜோங்கர் தெருவிலிருந்து சில நிமிட நடையில் இருக்கும் இந்தத் தெருவில்தான் பொய்யாத விநாயகர் கோயில் இருக்கிறது. டச்சு அரசு கொடுத்த நிலத்தில் செட்டிகள் 1781இல் கட்டிய கோயில் இது. தமிழ்நாட்டுக் கோபுரங்களில் காணும் சிற்ப நெரிசல் எதுவும் இல்லாமல், ஏதோ பழைய வணிகரின் வீட்டு முகப்பைப் போல அடக்கமாக நிற்கிறது. அருகிலேயே கம்போங் கிளிங் பள்ளிவாசல். 1748இல் இந்திய முஸ்லிம் வணிகர்கள் மரத்தால் எழுப்பி, 1872இல் செங்கல்லால் மீண்டும் கட்டப்பட்டது. மூன்றடுக்குக் கூம்புக்கூரை ஜாவாத் தீவை நினைவூட்டும், மினாரா சீனப் பகோடாவைப் போலிருக்கும், உள்ளே தூண்களும் பளிங்கு விளக்கும் ஐரோப்பாவைச் சேர்ந்தவை. கட்டியவர்களுக்கு அதில் எந்த முரணும் தெரிந்திருக்காது. ஊரில் யார் நல்ல கொத்தனோ அவனை அழைத்திருப்பார்கள். கலிங்கம் என்ற பெயரின் திரிபான கிளிங் என்ற சொல் இன்று இந்நாட்டில் எங்களை நோக்கி எறியப்படும் வசை. ஆனால் அந்தப் பள்ளிவாசல் வாசலில் அது ஏறத்தாழ முந்நூறு ஆண்டுப் பழமையோடு, ஒரு பேட்டையின் பெயராக மட்டும் இருக்கிறது. இன்னும் கொஞ்சம் நடந்தால் பதினேழாம் நூற்றாண்டைச் சேர்ந்த செங் ஹூன் தெங் சீனக்கோயில். மூன்றையும் ஒரே படத்தில் அடக்க முயலும் கூட்டத்திலிருந்து நழுவி, காரில் ஏறினேன்.

காஜா பெராங் சாலையில், செட்டிகளின் கிராமமான கம்போங் செட்டியின் வளைவைத் தாண்டியதும் நகரத்தின் ஓசை சட்டென்று குறைகிறது. தாழ்ந்த வீடுகள், முன்புறம் திண்ணை போன்ற தாழ்வாரம், நிலைப்படிக்கு மேலே மாவிலைத் தோரணம். சில அடிகளுக்கு ஒரு கோயில் என்னும்படி முத்துமாரியம்மன், கைலாசநாதர், அங்காள பரமேஸ்வரி என்று சிறிய கோயில்கள். வேலிக்கு அப்பால் அடுக்குமாடிகள் எழும்பி, கிராமத்தை எட்டிப்பார்த்துக்கொண்டிருக்கின்றன. சுல்தான்கள் காலத்தில் செட்டிகளின் இருப்பிடம் இதுவல்ல. அவர்கள் துறைமுகத்தை ஒட்டிய செல்வர்கள். அன்றைய மலாக்காவில் வெளிநாட்டு வணிகர்களைக் கவனிக்க ஷாபண்டார் எனப்படும் துறைமுக அதிகாரிகள் நால்வர் இருந்தனர் என்றும், தெருக்களில் 84 மொழிகள் கேட்டன என்றும் போர்த்துக்கீசியரான தோமே பிரேஷ் எழுதிவைத்தார். 1511இல் போர்த்துக்கீசியர் நகரைப் பிடித்தனர், 1641இல் டச்சுக்காரர் பிடித்தனர். டச்சுக்காரர் காலத்தில் வணிகம் கைநழுவ, செட்டிகள் நகரத்தின் ஓரத்துக்கு வந்து நிலத்தை உழத் தொடங்கினார்கள்.

தோழியின் பாட்டி சாரோங்கும் கெபாயா என்னும் மேற்சட்டையும் அணிந்து, நெற்றியில் திருநீற்றுடன் அடுப்படியில் நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "வா, நாக், சாப்பிட்டாயா?" என்று மலாயில் கேட்டார். பிள்ளையை அழைக்கும் சொல் அது. போகியன்று செட்டிகள் முன்னோருக்குப் படைக்கும் சடங்குக்குப் பார்ச்சு என்று பெயர். ஆண்டின் நடுவில், பழங்கள் பழுக்கும் பருவத்தில், பழப் பார்ச்சு ஒன்றும் உண்டு. அடுப்படியில் தேங்காய்ப்பாலில் வெந்த நாசி லெமாக் சோற்றின் மணமும், பெலாச்சான் என்னும் இறால் விழுது வறுபடும் நெடியும், ஊதுவத்திப் புகையும் ஒன்றாகக் கலந்திருந்தன. எங்கள் வீட்டுப் படையலில் சாம்பார் இருக்கும் இடத்தில் இங்கே புளியும் மஞ்சளும் இட்ட பிண்டாங் என்னும் மீன்குழம்பு இருந்தது, வடை இருக்கும் இடத்தில் இலையில் சுற்றிய பலகாரங்கள், பக்கத்தில் டோடோல் என்னும் அல்வா போன்ற இனிப்பு. வாழையிலையை மட்டும் எங்கள் வீட்டைப் போலவே, நுனி இடப்பக்கம் இருக்குமாறு போட்டார்கள்.

நான் இலைகளை எண்ணினேன், ஏழு இருந்தன. யாருக்கு எந்த இலை என்று பாட்டி ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். தன் கணவர், மாமனார், மாமியார், மாமனாரின் தந்தை, அவருடைய தந்தை என்று பெயர் சொல்லிக்கொண்டே போனார். பெயர்கள் எல்லாம் தமிழ்ப் பெயர்கள், உச்சரிப்பு மட்டும் மலாய் நாக்கில் வளைந்திருந்தது. ஒருவருக்குச் சுருட்டுப் பிடிக்கும் என்பதால் அவருடைய இலையின் ஓரத்தில் இரண்டு சுருட்டுகள். செருட்டு என்றே மலாயில் சொல்கிறார்கள், அதுவும் நம் சொல்தான். பிறகு எல்லோரும் வெளியே வந்து, அறைக்கதவைச் சாத்திவிட்டுத் தாழ்வாரத்தில் காத்திருந்தோம். முன்னோர்கள் சாப்பிட்டு முடிக்கட்டும் என்றார்கள்.

அந்தக் காத்திருப்பில்தான் பாட்டி என்னிடம், உங்கள் வீட்டில் எத்தனை இலை போடுவீர்கள் என்று கேட்டார். இரண்டு என்றேன், தாத்தாவுக்கும் அப்பாவுக்கும். தாத்தாவின் அப்பாவுக்கு? அவர் பெயர் தெரியாது என்றேன். அவர் தமிழ்நாட்டிலிருந்து ரப்பர் தோட்டத்துக்கு வந்தவர் என்பதற்கு மேல் எங்கள் வீட்டில் யாருக்கும் எதுவும் தெரியாது. பாட்டி அதைக் குற்றமாக எடுத்துக்கொள்ளவில்லை. "பாவம், பசியோடு இருப்பார்," என்று மட்டும் சொல்லிவிட்டு, கதவைத் திறக்க எழுந்தார். நல்ல தமிழ் பேசுவதில் நான் கொண்டிருந்த பெருமையைக் கொஞ்ச நேரத்துக்கு எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

சாப்பாட்டுக்குப் பின் முத்துமாரியம்மன் கோயிலுக்குப் போனோம். மே மாதத்தில் நடக்கும் அம்மன் திருவிழாவை இங்கே டத்தோ சாச்சார் என்கிறார்கள். சாச்சார் என்றால் மலாயில் அம்மை நோய். அம்மை நோயையும் அதைத் தரும் தெய்வத்தையும் ஒரே சொல்லால் குறிக்கும் தமிழ் வழக்கை, தமிழை மறந்த பிறகும், மலாய்ச் சொல்லை வைத்தே காப்பாற்றியிருக்கிறார்கள். மொழிபெயர்ப்பைப் பற்றி நான் படித்த எதிலும் இதற்கு இணையான எடுத்துக்காட்டு இல்லை.

மாலையில் தெங்கேராவுக்குப் போனேன். கோட்டை அரணைக் குறிக்கும் போர்த்துக்கீசியச் சொல்தான் தெங்கேரா ஆயிற்று. 1819இல் ராஃபிள்ஸுடன் உடன்படிக்கை செய்து சிங்கப்பூரில் ஆங்கிலேயர் கால்பதிக்க வழிவிட்ட சுல்தான் ஹுசேன் இங்குள்ள பள்ளிவாசல் வளாகத்தில்தான் அடங்கியிருக்கிறார். ஆனால் உண்மையைச் சொன்னால், நான் போனது சுல்தானுக்காக அன்று, புட்டுக்காக. புத்து பிரிங் என்பது தட்டுப்புட்டு. உள்ளங்கையில் அடங்கும் உலோக அச்சில் ஈரப்பதமான அரிசிமாவை உதிர்த்து, நடுவில் பொடித்த குலா மலாக்காவை வைத்து, மேலும் மாவு தூவி, கத்தியால் மட்டம் தட்டி, ஒரு துண்டுத் துணியால் மூடி ஆவியில் கவிழ்த்துவைக்கிறார்கள். ஓரிரு நிமிடம்தான். பாண்டான் இலைத் துண்டின்மேல் எடுத்துவைத்து, உப்புச் சேர்த்த தேங்காய்த்துருவலோடு தருகிறார்கள். குலா மலாக்கா என்பது தென்னம்பாளையிலிருந்து இறக்கிய பதநீரைக் காய்ச்சி மூங்கில் குழலில் ஊற்றி உறையவைத்த கருப்பட்டி. சூட்டில் அது பாகாகி, கடித்தவுடன் வாயின் மேலண்ணத்தைச் சுட்டுவிடும், எனக்கும் சுட்டது. குழாயில் அவித்து உதிர்த்துத் தின்னும் நம் புட்டைவிட இது மேல் என்று எழுத எனக்குக் கை வரவில்லை, ஆனாலும் ஆறு தின்றேன்.

மறுநாள் காலை உஜோங் பாசிர். போர்த்துக்கீசியர் ஆட்சி முடிந்து நூற்றாண்டுகள் ஆன பின், ஆங்காங்கே சிதறிக் கிடந்த அவர்களுடைய வழித்தோன்றல்களை ஒரே இடத்தில் குடியமர்த்த வேண்டும் என்று 1930களில் கத்தோலிக்கப் பாதிரியார்கள் முயன்றதில் உருவான குடியிருப்பு இது. தெருப் பெயர்கள் அல்புகெர்க், செக்வெய்ரா, டெய்ஷெய்ரா. வாசல்களில் கிறிஸ்துமஸ் விளக்குகளை இன்னும் இறக்கவில்லை. இவர்கள் செட்டிகளுக்கு நேர்மாறு: முகமும் சமையலும் இந்த மண்ணோடு கலந்துவிட்டன, மொழி தங்கிவிட்டது. கிறிஸ்தாங் என்ற அந்தக் கலப்பு மொழியைப் பேசுவோர் குறைந்துகொண்டே வருகிறார்கள். கடலோரக் கடையில் என்னோடு மேசையைப் பகிர்ந்துகொண்ட ஓய்வுபெற்ற மீனவர் ஒருவர், சன்னலைச் சுட்டி "ஜனேலா" என்றார். எங்கள் மொழியில் அது ஜன்னல் என்றேன். மேசையைத் தட்டி "மேசா" என்றார், மேசை என்றேன். சாவி, அலமாரி, பாதிரி என்று நான் அடுக்க, அவர் மேசையில் கையூன்றி விழுந்து விழுந்து சிரித்தார். எங்கள் இருவரின் முன்னோரும் ஒரே கப்பல்களிலிருந்து சரக்கு இறக்கியிருக்கிறார்கள்.

அங்கே தெபால் கறி சாப்பிட்டேன். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் மிஞ்சிய இறைச்சியை வீணாக்காமல் காரமாகக் குழம்பு வைப்பதில் தொடங்கிய உணவு என்கிறார்கள். மிளகாய், கடுகு, லெங்குவாஸ் என்னும் சித்தரத்தை வகைக் கிழங்கு, புவா கெராஸ் கொட்டை எல்லாம் அரைத்து, இறுதியில் காடி ஊற்றுகிறார்கள். கடுகும் லெங்குவாஸும் ஒரே சட்டியில் இருப்பதை நான் வேறெங்கும் சுவைத்ததில்லை. கடைக்கு முன்னால் கடல் இருக்க வேண்டிய இடத்தில் பெரும்பகுதி மேடாக்கிய நிலம். முன்பெல்லாம் இடுப்பளவு நீரில் வலையைத் தள்ளிக்கொண்டு நடந்தே கெராகாவ் பிடிப்போம் என்று அந்த மீனவர் சொன்னார். கெராகாவ் என்பது நம்மூர்ச் சென்னாக்கூனியைப் போன்ற பொடி இறால். உப்பும் சோறும் சேர்த்து மூன்று நாள் புளிக்கவைத்தால் அது சிஞ்சாலோக். ஒரு புட்டி வாங்கிக்கொண்டேன். "முட்டு மெர்சே," என்று அவர் கற்றுக்கொடுத்தபடி நன்றி சொன்னேன்.

புட்டியின் மூடி இறுக்கமாக இல்லாதது பேருந்து சிரம்பானைத் தாண்டும்போதுதான் தெரிந்தது. பக்கத்து இருக்கைக்காரர் இரண்டு முறை மூக்கைச் சுளித்து, மூன்றாம் முறை எழுந்து பின்னால் போய் உட்கார்ந்தார். பாதியாவது மிஞ்சியதை வீட்டில் கொடுத்தபோது அம்மா முகர்ந்து பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் சின்ன வெங்காயமும் பச்சைமிளகாயும் நறுக்கிப் போட்டு, எலுமிச்சை பிழிந்து, சுடுசோற்றோடு கொண்டுவந்து வைத்தார். தோட்டத்தில் இருந்த காலத்தில் பக்கத்து வீட்டு மலாய்க்காரம்மா இதைத் தருவாராம். இத்தனை நாளாய் எனக்குத் தெரியாது. சாப்பிட்டுக்கொண்டே, தாத்தாவின் அப்பா பெயர் என்னவென்று கேட்டேன். அம்மா கையைக் கழுவிக்கொண்டு வந்து, சுங்கை சிப்புட்டில் இருக்கும் பெரியம்மாவுக்குத் தொலைபேசியில் அழைத்தார். பெரியம்மா வெகுநேரம் யோசித்துவிட்டு, முனியன் என்றோ முத்தன் என்றோ ஏதோ ஒன்று, நாளைக்குச் சொல்கிறேன் என்றார்.