ஓர் ஆய்வாளரின் தாள்களைக் காப்பகத்தில் சேர்ப்பது

கல்வெட்டு ஆய்வாளர் ஒருவரின் கையெழுத்துப் படிகளையும் குறிப்பட்டைகளையும் காப்பகத்தில் சேர்க்கும் வேலையில் நாங்கள் முதலில் செய்தது அலமாரியைப் படமெடுத்ததுதான். ஒன்றையும் நகர்த்தவில்லை. பிறகு தட்டுக்கு ஓர் எண், கட்டுக்கு ஓர் எண், தாளுக்கு ஓர் எண். 3/12/45 என்றால் 3ஆம் தட்டு, 12ஆம் கட்டு, 45ஆம் தாள். இதைப் பின்பக்க மூலையில் 2பி பென்சிலால், அழுத்தாமல் எழுத வேண்டும். பேனா கூடவே கூடாது.

வீட்டார் அன்போடு கடிதம் ஒரு பக்கம், கட்டுரை ஒரு பக்கம் என்று பிரித்து அடுக்கத் தொடங்குவார்கள். அதைக் கையைப் பிடித்துத் தடுத்தாக வேண்டும். ஒரு மைப்படியோடு (கல்வெட்டின் மேல் ஈரத்தாளை ஒற்றி, மை பூசி எடுத்த படி) கடிதமும் பஸ் டிக்கெட்டும் சேர்ந்து கிடந்தால், ஆய்வாளர் எந்த ஊருக்குப் போனார், யாரைக் கேட்டு அந்த வரியைப் படித்தார் என்பது அந்தச் சேர்க்கையில்தான் இருக்கிறது. பிரித்தால் போயிற்று. குறிப்பட்டைகளை அகரவரிசையில் அடுக்குவதும் இதே தவறுதான்.

துண்டுச்சீட்டுகளில் பின்பக்கத்தை விடாதீர்கள். கல்யாணப் பத்திரிகையின் வெற்றுப் பக்கத்தில் எழுதிய குறிப்பில் தேதி இருக்காது, பத்திரிகையில் இருக்கும். குறிப்பு அந்தக் கல்யாணத்துக்குச் சில வாரங்களுக்கு மேல் முந்தியதாக இருக்க முடியாது. 1978 எழுத்துச் சீர்திருத்தத்தை வைத்துக் காலம் சொல்லத் தோன்றும். நம்ப வேண்டாம், பழகிய கை பழைய ணை, லை வடிவங்களை எளிதில் விடாது.

அதிக நாள் பிடித்தது குண்டூசிகளுக்குத்தான். துருவேறிய ஊசியை இழுத்தால் தாளும் கிழிந்து வரும். ஊசிக்கும் தாளுக்கும் நடுவே பாலியஸ்டர் ஃபிலிம் துண்டைச் செருகி, துருவின் பிடி விட்ட பிறகு நகர்த்த வேண்டும். ஸ்டேப்ளர் பின் என்றால் பின்பக்கக் கால்களை மழுங்கிய கத்தியால் நிமிர்த்தி, முன்பக்கமாக எடுக்கலாம். செலோடேப்பை உரிக்காதீர்கள், எழுத்தும் சேர்ந்து உரியும். அது தாள் செப்பனிடும் வல்லுநரின் வேலை. செய்தித்தாள் நறுக்குகளின் அமிலம் அடுத்த தாளைப் பழுப்பாக்கும். அவற்றை இடம் மாற்றாமல், இருபுறமும் அமிலமற்ற தாள் வைத்தோம். மைப்படியை இஸ்திரி போடவே கூடாது. தூரிகையால் அடித்து உண்டான பள்ளங்கள் சமமாகிவிட்டால், மங்கிய எழுத்தைச் சாய்ந்த வெளிச்சத்தில் வாசிக்கும் வழியும் அடைபடும்.

இராமபாணப் பூச்சி கண்ட கட்டுகளைப் பாலித்தீன் பையில் காற்றுப் புகாமல் மூடி, மைனஸ் 20 டிகிரியில் ஒரு வாரம் வைக்கலாம். எடுத்ததும் பையைத் திறந்தால் தாளில் ஈரம் கோக்கும். ஒரு நாள் பொறுக்க வேண்டும்.

ஸ்கேன் கட்டாயம் வண்ணத்தில். கறுப்பு வெள்ளையில் சிவப்பு மைத் திருத்தமும் நீல மை மூலமும் ஒன்றாகிவிடும். ஏ4 தாளின் ஒரு பக்கம் 400 டிபிஐயில் (அங்குலத்துக்கு 400 புள்ளி), சுருக்காத டிஃப் படக் கோப்பாக ஏறத்தாழ 46 எம்பி. ஆயிரம் பக்கத்துக்கு 46 ஜிபி. பாமினி, டிஸ்கி போன்ற பழைய எழுத்துரு, குறியாக்க முறைகளில் தட்டச்சிட்ட கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றினாலும் மூலக் கோப்பை அழிக்கக் கூடாது. மாற்றும்போது கிரந்த எழுத்துகளும் ஒலிக்குறியிட்ட ரோமன் எழுத்துகளும் சிதைவதுண்டு.

ஒப்படைப்புப் பத்திரத்தில் தாளின் உடைமை, பதிப்புரிமை, பார்வைக்கு விடும் நாள் மூன்றையும் தனித்தனியே எழுதுங்கள். அவருக்கு வந்த கடிதங்களின் பதிப்புரிமை எழுதியவர்களுடையது. குடும்பம் சில கடிதங்களை மூடி வைக்கச் சொன்னால், எந்த ஆண்டுவரை என்று பெட்டியின் மேலும் குறியுங்கள். ஆண்டு குறிக்காத பெட்டியைப் பின்னால் வருகிறவர்கள் திறக்கத் தயங்குவார்கள்.