பசியாறியாச்சா?

மலேசியாவில், பினாங்கில் காலை ஏழு மணிக்கும் வெளியே அரை இருட்டுதான். ஊரில் அப்போது மணி நாலரை. அம்மா எழுந்து, கோலம் போட்டு, காபி குடித்து, போனைக் கையில் எடுக்க இன்னும் இரண்டு மணி நேரமாவது ஆகும். வந்த புதிதில் அந்த இரண்டு மணி நேரத்தைத் தள்ளத் தெரியாமல் மறுபடி படுத்துக்கொள்வேன். எழுந்தால் பதினொன்று. இரவில் தூக்கம் வராது.

வீட்டுக்காரருக்கு பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் வேலை. என் விசா பாஸில் வேலை பார்க்க அனுமதி இல்லை. பதினெட்டாவது மாடியில் வீடு. பாளையங்கோட்டையில் உடற்பயிற்சி என்று நான் ஒருநாளும் செய்ததில்லை. ஆனால் மொட்டைமாடியில் துணி காயப்போட, தெருமுனையில் பால் வாங்க, நாலு வீடு தள்ளி அத்தையைப் பார்க்க என்று கால் ஓயாது. இங்கே லிஃப்ட், கார், ஏசி, மறுபடி லிஃப்ட். கீழே ஜிம் இருக்கிறதே என்பார்கள். போய்ப் பார்த்தேன். டிரெட்மில் சுவரைப் பார்த்து நிற்கிறது.

ஒருநாள் தோசை கல்லில் ஒட்டிக்கொண்டதற்கு உட்கார்ந்து அரை மணி நேரம் அழுதேன். அவர் பயந்துபோய் கிளினிக்குக்கு அழைத்துப் போனார். தைராய்டு, ரத்தம் எல்லாம் சரி. “கடைசியா எப்பம்மா வெளியே நடந்தீங்க?” என்று டாக்டர் கேட்டார். எனக்கு யோசிக்க வேண்டியிருந்தது. வாரத்துக்கு 150 நிமிடமாவது வேகமாக நடக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கை எழுதிக் கொடுத்தார். ஒரு மாதத்தில் தூக்கம் சரியாகாவிட்டால் மனநல மருத்துவரிடம் அனுப்புவேன், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்றார்.

1884-இல் அமைத்த தாவரவியல் பூங்கா இங்கே பலருக்கு வாட்டர்ஃபால் கார்டன். அதற்குப் பக்கத்தில்தான் தண்ணீர்மலை முருகன் கோயில். 513 படி. முதல் நாள் நூறு படிகூட ஏறியிருக்க மாட்டேன். காற்றே ஈரத்துணி மாதிரி மேலே ஒட்டியது. மூச்சிரைக்க உட்கார்ந்துவிட்டேன். மேலேயிருந்து இறங்கி வந்த ஓர் ஆன்ட்டி, எழுபது வயதிருக்கும், “பசியாறியாச்சாம்மா?” என்றார்.

சுருக்கென்றது. பிச்சைக்காரி மாதிரியா தெரிகிறேன்? “எனக்கு ஒண்ணும் பசியில்ல” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். இந்த ஊர்த் தமிழில் பசியாறுவது என்றால் காலைச் சாப்பாடு சாப்பிடுவது. நம் ‘சாப்டாச்சா’ மாதிரி ஒரு விசாரிப்பு, அவ்வளவுதான். அது புரிய எனக்கு ஒரு வாரம் ஆனது. அதுவரை ஆன்ட்டியும் விடாமல் தினமும் கேட்டுக்கொண்டிருந்தார்.

ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர் அவர். தோட்டம் கைமாறியதும் ஃபிளாட்டுக்கு வந்து, இரண்டு வருடம் யாரோடும் பேசாமல் கிடந்தாராம். “விடியறதுக்கு முன்ன பால்மரம் சீவப் போன காலு. ஃபிளாட்டுல அது என்னா பண்ணும்?” என்றார். கடல் தாண்டி வந்தவள் நான்தான் என்று இருந்த எனக்கு, இதே நாட்டுக்குள் ஒருத்தி நடையைத் தொலைத்துத் தேடியிருக்கிறாள் என்பது புதிது.

மூன்றாவது வாரம் இரவில் தூக்கம் வந்தது. நடையா, காலை வெளிச்சமா, ஆன்ட்டியா என்று பிரித்துச் சொல்ல முடியாது. எல்லா நாளும் நன்றாக இருந்ததாகவும் சொல்ல மாட்டேன். தீபாவளிக்கு ஊருக்குப் போக முடியாத வாரம் படுக்கையைவிட்டு எழவே இல்லை.

இப்போது நாங்கள் ஐந்து பேர். பூங்காவில் சீனத் தாத்தாக்கள் தாய்ச்சி உடற்பயிற்சி செய்வதைத் தாண்டி, குரங்குகளிடமிருந்து பையைக் காப்பாற்றி, ஒரு சுற்று. அப்புறம் நேராக ரொட்டிச் சானாய் என்கிற இந்த ஊர் பரோட்டா, தே தாரிக் என்கிற ஆற்றிய பால் டீ. நடந்து கரைத்ததைவிட அங்கே ஏற்றுவது அதிகம். டாக்டரிடம் அதைச் சொல்லவில்லை.

அம்மாவின் போன் சரியாக அந்த நேரத்துக்குத்தான் வருகிறது. பின்னால் தட்டுச் சத்தம், சிரிப்பு. “இரும்மா, வீட்டுக்குப் போய்க் கூப்பிடுறேன்” என்று வைத்துவிடுகிறேன்.

“முன்ன எல்லாம் ரெண்டு மணி நேரம் பேசுவ” என்று அம்மாவுக்கு ஒரு குறை.