இருட்டு எரியுமா?

இருட்டில் வெளிச்சம் ஏற்றலாம், இருட்டை எப்படியப்பா எரிப்பது என்று மகனின் கடிதத்துக்குத் திருத்தம் சொல்கிறார் ஒரு தாய். இன்று மறுபடி படித்தபோதும் அந்த இடத்தைத் தாண்ட முடியவில்லை.

ஆண்டு 1803. மகன், பின்னாளில் ஜெர்மன் தத்துவவாதியாகப் புகழ்பெற்ற ஆர்தர் ஷோபன்ஹவர். வயது 15.

குடும்பத்தின் நீண்ட ஐரோப்பியப் பயணத்தின் நடுவே பெற்றோர் ஸ்காட்லாந்து சுற்றப் போனார்கள். அவனை லண்டன் அருகே விம்பிள்டனில் ஒரு பாதிரியாரின் உறைவிடப் பள்ளியில் விட்டார்கள். ஜூன் கடைசி முதல் செப்டம்பர் வரை, ஏறக்குறைய 12 வாரம்.

ஜெபம், பாடம், மறுபடி ஜெபம்.

இங்கிலாந்தின் எகிப்திய இருட்டை (பைபிளில் மோசே வரவழைத்த அதே காரிருள்தான்) உண்மையின் தீப்பந்தம் எரிக்காதா என்று எழுதினான். பிள்ளை ஆறுதல் கேட்டிருக்கிறான். அம்மா உவமையைத் திருத்தினார். அப்பா கையெழுத்தைத் திருத்தச் சொன்னார்.

ஆங்கிலத் திருச்சபைக் குருமார் மீது ஷோபன்ஹவருக்கு இருந்த கோபம் கடைசிவரை ஆறவில்லை. 1851-இல் வெளியான நூலிலும் அது கொதிக்கிறது. ஆனால் ஆங்கிலத்தை அவர் வெறுக்கவில்லை. பிராங்பர்ட்டில் தினமும் லண்டன் 'டைம்ஸ்' படித்தார். ஜெர்மன் தத்துவவாதி காண்ட்டின் நூல்களை ஆங்கிலத்தில் பெயர்க்கவும் முன்வந்தார்.

வாழ்க்கையே துன்பம் என்ற அவருடைய துயரத் தத்துவம் முழுவதையும் அந்தப் பள்ளியின் கணக்கில் எழுதுவதை நான் ஏற்கமாட்டேன். அதே பயணத்தில், 1804-இல், பிரான்சின் தூலோன் துறைமுகத்தில் சங்கிலியில் கட்டுண்ட கைதிகளைப் பார்த்தார். அது இன்னும் ஆழமாகத் தைத்தது. முதுமை, நோய், மரணம் கண்ட இளம் புத்தரோடு தன் அந்த வயதை ஒப்பிட்டு எழுதியும் வைத்தார்.

விம்பிள்டனில் அவன் பழகியது வேறு: தனியாக இருக்க.