கஞ்சாத் தண்டில் நார் உரித்தல்: அக்டோபரிலிருந்து ஜூலை வரை

கனடாவில் 2018 அக்டோபர் 17 முதல் கஞ்சா சட்டபூர்வம். ஒன்ராறியோ மாகாணத்தில் ஒரு வீட்டுக்கு நான்கு செடி வளர்க்கலாம். கியூபெக் மாகாணத்தில் வீட்டு வளர்ப்புக்குத் தடை. நான்கே செடிதான் என்றாலும் வெளியில் நட்டால் ஆளுயரம் வந்துவிடும். பூவை அறுத்தெடுத்த பிறகு இலையும் தண்டும் வேருமாக ஒரு குவியல் மிஞ்சும். அத்தனையையும் ஒரே பையில் திணித்துக் கட்டினால் இரண்டே நாளில் சூடேறிப் பூஞ்சணம் பிடிக்கும். அறுத்த அன்றே பிரித்துவிடுவது நல்லது.

அகல இலையை நேரே உரக்குழியில் போடலாம். பச்சை இலை தனியாகக் கிடந்தால் சேறாகி நாறும். ஒரு கூடை இலைக்கு இரண்டு கூடை காய்ந்த சருகு கலக்க வேண்டும். பூவை ஒட்டிய சிற்றிலையில் போதை தரும் பிசின் இருக்கும். அதைக் காகிதப் பையில் காயவைத்து, பூட்டிய இடத்தில் வைக்க வேண்டும். குழந்தைகளுக்கு மட்டுமல்ல, நாய்க்கும் அது நஞ்சு. பியூட்டேன் போன்ற கரைப்பான் ஊற்றிப் பிசின் எடுப்பது தீப்பிடிக்கும் வேலை, சட்டமும் தடுக்கிறது.

இனி தண்டு. நார் இருப்பது பட்டையில். அந்த நாரைக் கட்டையோடு ஒட்டிப் பிடித்திருப்பது பெக்டின் என்ற பசை. தண்ணீரில் ஊறும்போது பாக்டீரியா அந்தப் பசையைத் தின்றுவிடும். நார் தானாகக் கழலும். நம் ஊரில் தேங்காய் மட்டையை ஊறப்போடுவதும் இதே கணக்குதான், வாடையும் கிட்டத்தட்ட அதே வாடை.

அறுத்த கையோடு அக்டோபரிலேயே வாளியில் போட்டால் பலன் இல்லை. தண்ணீர் 15 டிகிரிக்குக் கீழே போனால் பாக்டீரியா சோம்பிவிடும், மூன்று வாரம் கழித்தும் பட்டை இளகாது. அதனால் இலையைக் கழித்து, காற்றோட்டமான கொட்டகையில் இரண்டு வாரம் தொங்கவிட வேண்டும். வளைத்தால் 'படக்'கென்று ஒடிய வேண்டும். மடங்கினால் ஈரம் இன்னும் போகவில்லை. பிறகு கட்டாகக் கட்டி வைத்தால் ஜூன் வரை கெடாது.

எல்லாத் தண்டும் உதவாது. கணுவுக்குக் கணு நார் அறுந்துபோகும். அடித்தண்டு மரமாகியிருக்கும், நுனி மெலிந்திருக்கும். சுண்டுவிரல் பருமனுள்ள நடுப்பகுதியே சரி. நாருக்கென்றே நெருக்கி விதைக்கும் செடி கிளைக்காமல் நேராக வளரும். தோட்டத்துச் செடியிடம் அந்த நீளத்தை எதிர்பார்க்கக் கூடாது.

ஜூன் கடைசியில், 20 லிட்டர் வாளியில் 35 சென்டிமீட்டர் துண்டுகள், மேலே மிதக்காமல் இருக்க ஒரு செங்கல். முதல் நாள் தண்ணீர் தேநீர் நிறமாகும். மூன்றாம் நாள் குமிழி வரும். பாதித் தண்ணீரை மட்டும் மாற்ற வேண்டும். முழுதும் மாற்றினால் பாக்டீரியாவும் சேர்ந்து போய்விடும், வேலை மறுபடி முதலிலிருந்து. ஆறாம் நாளிலிருந்து தினமும் ஒரு துண்டை எடுத்து நடுவில் ஒடித்துப் பார்க்க வேண்டும். பட்டை பச்சைத் தோலோடு துண்டு துண்டாகப் பிய்ந்தால் போதாது. வெள்ளைக் கட்டை வழுக்கி வெளியே வந்து, நார் ரிப்பன்போல நீளமாகக் கையில் நின்றால் அதுதான் பதம். 25 டிகிரி வெயில் காலத்தில் எட்டு முதல் பத்து நாளில் அது வரும். பதம் தாண்டி இரண்டு நாள் விட்டாலும் நாரே அழுகத் தொடங்கும். இழுத்தால் பஞ்சுபோல் பிரிந்துவிடும், அதைத் திருத்த வழியில்லை.

உரித்த நாரை இரண்டு முறை அலசி நிழலில் காயப்போட்டால் குச்சிபோல விறைக்கும். மரவிளிம்பில் முன்னும் பின்னும் இழுத்துத் தேய்க்க, ஒட்டியிருக்கும் தோல் தூளாக உதிரும். பிறகு அகலப் பல் சீப்பால் வார வேண்டும். காய்ந்த தண்டின் எடையில் ஏழில் ஒரு பங்கு நார் தேறினால் கைவேலைக்கு நல்ல அளவு.

கயிறு திரிக்க இரண்டு புரி போதும். ஒவ்வொரு புரியையும் வலப்பக்கம் முறுக்கி, இரண்டையும் சேர்த்து இடப்பக்கம் சுற்ற வேண்டும். எதிரெதிர் முறுக்குதான் கயிற்றைப் பிரியவிடாமல் பிடிக்கிறது. புதிய நார் சேர்க்கும்போது இரண்டு புரியிலும் ஒரே இடத்தில் சேர்த்தால் அங்கேதான் அறும்.

ஊறிய தண்ணீரை ஓடையில் விடக் கூடாது; ஆக்சிஜனை உறிஞ்சி மீனைக் கொல்லும். பத்து மடங்கு தண்ணீர் கலந்து மண்ணில் ஊற்றலாம். மிஞ்சிய வெள்ளைக் கட்டையைக் காயவைத்துச் செடியைச் சுற்றி மூடாக்காகப் போடலாம். மண்ணுக்குள் புதைத்தால் மட்கும்வரை நைட்ரஜனை இழுத்துக்கொள்ளும், பயிர் மஞ்சளாகும். கயிறு தக்காளிக்கு முட்டுக் கட்ட ஒரு பருவம் தாங்கும். மழையில் நனைந்து நனைந்து இற்றுப்போன பின், செடியோடு சேர்த்தே உரக்குழிக்கு.