பழைய கேமிங் டெஸ்க்டாப்பைத் தேற்றுவதா, லேப்டாப்புக்குத் தாவுவதா?

என் சிஸ்டத்தில் இருப்பது ரைசன் 5 2600 பிராசசர், ஜிடிஎக்ஸ் 1060 கிராபிக்ஸ் கார்டு, பி450 மதர்போர்டு, 16 ஜிபி டிடிஆர்4 ராம். வாங்கிய காலத்தில் நடுத்தரம், இப்போது கிழம். புது ஆட்டங்களில் செட்டிங்ஸ் அத்தனையையும் கீழே இறக்கி வைத்தாலும் ஃபிரேம் (நொடிக்குத் திரையில் வரும் படங்களின் எண்ணிக்கை) ஏற மாட்டேன் என்கிறது. ஒளியையும் நிழலையும் நிஜம் போலக் கணக்கிடும் ரே ட்ரேசிங் வசதி இல்லாத கார்டு என்றால் சில ஆட்டங்கள் திறக்கவே மாட்டேன் என்கின்றன. போதாக்குறைக்கு, என் 1060 அடங்கிய 10 வரிசை கார்டுகளுக்குப் புது ஆட்டங்களுக்கான டிரைவர் தருவதை என்விடியா 2025 அக்டோபரோடு நிறுத்திவிட்டது, இனி 2028 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும்தான். ஆக ஏதாவது செய்தே ஆக வேண்டும். நண்பர்களைக் கேட்டால் பாதிப் பேர் "பேசாம ஒரு கேமிங் லேப்டாப் எடுத்துடு" என்கிறார்கள், மீதிப் பேர் "கார்டை மட்டும் மாத்து, போதும்" என்கிறார்கள். இரண்டு தரப்புமே அவரவர் வைத்திருப்பதைத்தான் சிபாரிசு செய்கிறது என்பது வேறு விஷயம்.

லேப்டாப் பக்கம் மனசு சாய்வதற்கு நியாயமான காரணங்கள் உண்டு. திரை, கீபோர்டு, ஸ்பீக்கர், கரண்ட் போனால் தாங்கும் பேட்டரி எல்லாம் ஒன்றாக வருகிறது, மேசைக்கு அடியில் ஒயர் சிக்கல் கிடையாது, வெளியூர் போனால் பையில் போட்டுக்கொள்ளலாம். டெஸ்க்டாப் அப்கிரேடோ அனுமார் வால் மாதிரி: கார்டு வாங்கினால் பிராசசர் ஈடுகொடுக்குமா, பிராசசரை மாற்றினால் போர்டு ஏற்குமா, இரண்டையும் மாற்றினால் எஸ்எம்பிஎஸ் (மின்சாரம் கொடுக்கும் பெட்டி) தாங்குமா என்று நீண்டுகொண்டே போகும். லேப்டாப்பில் இந்தத் தலைவலி எதுவும் இல்லை என்று தோன்றும். விவரப் பட்டியலை வரிவரியாகப் படித்தால்தான் அங்கே வேறு தலைவலி இருப்பது தெரியும்.

முதலாவது பெயர். டெஸ்க்டாப் ஆர்டிஎக்ஸ் 5070இல் 6144 கூடா கோர் (கணக்குப் போடும் சிறு அலகுகள்), 12 ஜிபி நினைவகம். லேப்டாப் ஆர்டிஎக்ஸ் 5070இல் 4608 கோர், 8 ஜிபி. எண் ஒன்றுதான், உள்ளே இருக்கும் சிப் வேறு. மேல்தட்டுக்குப் போனால் இன்னும் மோசம்: டெஸ்க்டாப் 5090இல் 21760 கோர், லேப்டாப் 5090இல் 10496. பாதிகூட இல்லை! இதை ஏமாற்று என்று சொல்ல முடியாது, "லேப்டாப் ஜிபியு" என்று பெயரிலேயே சேர்த்துத்தான் போடுகிறார்கள், ஆனால் நண்பரின் டெஸ்க்டாப் கார்டில் ஓடுவதைப் பார்த்துவிட்டு அதே எண்ணுள்ள லேப்டாப்பை வாங்குபவர் ஏமாறத்தான் செய்வார்.

அப்புறம் வாட். என்னைக் கேட்டால் லேப்டாப் வாங்குவோர் கார்டின் பெயரைவிட இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். லேப்டாப்பில் கிராபிக்ஸ் சிப்புக்கு எவ்வளவு மின்சாரம் விடுவது என்பதைத் தயாரிப்பாளரே முடிவு செய்கிறார். ஆர்டிஎக்ஸ் 4060 லேப்டாப் சிப்பை 35 வாட்டிலும் விற்கலாம், 115 வாட்டிலும் விற்கலாம். இரண்டுக்கும் பெட்டியில் ஒட்டும் ஸ்டிக்கர் ஒன்றுதான். மெல்லிசான, எடை குறைந்த மாடலாக இருந்தால் பெரும்பாலும் வாட்டைக் குறைத்திருப்பார்கள் என்று எடுத்துக்கொள்ளலாம், ஏனென்றால் அந்தச் சூட்டை வெளியேற்ற உள்ளே இடம் இல்லை. டிஜிபி என்ற பெயரில் தயாரிப்பாளரின் பக்கத்தில் எங்கேயாவது ஒரு மூலையில் இந்த எண் இருக்கும். அது இல்லாத மாடலை நான் தொடவே மாட்டேன்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரே ஒரு ராம் குச்சியோடு வரும் லேப்டாப்பில் ஃபிரேம் குறையும், இரண்டாவது குச்சி போட ஸ்லாட் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், போர்டிலேயே பற்றவைத்த ராம் என்றால் வாங்கும்போது இருப்பதுதான் கடைசி வரை. கிராபிக்ஸ் சிப்பும் அநேகமாக எல்லா மாடலிலும் அப்படியே, பின்னால் மாற்ற வழி இல்லை. மக்ஸ் ஸ்விட்ச் இல்லாத மாடலில் கேமிங் சிப் வரைந்த படம் பிராசசரின் உள்ளமை கிராபிக்ஸ் வழியாகச் சுற்றிக்கொண்டுதான் லேப்டாப்பின் திரைக்கு வரும், அதிலும் கொஞ்சம் போகும். பேட்டரியில் விளையாடலாம் என்ற கனவு இருந்தால் விட்டுவிடுங்கள்: விமானத்தில் முன் அனுமதி இல்லாமல் கொண்டுபோகக்கூடிய பேட்டரிக்கு 100 வாட்-ஹவர் வரம்பு, அதனால் பெரிய கேமிங் லேப்டாப்புகளே 99 பக்கம் நின்றுவிடுகின்றன, 100 வாட்டுக்கு மேல் குடிக்கும் மெஷினுக்கு அது எவ்வளவு நேரம் வரும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். சார்ஜரை உருவியதும் சிப்பின் வேகத்தைக் குறைத்துவிடுகிறார்கள் என்பது தனிக்கதை.

சரி, இவ்வளவு குறை இருந்தும் லேப்டாப் வாங்குவது சரியான முடிவாக இருக்கலாம். எல்லாம் ஒரே ஒரு கேள்வியில் நிற்கிறது: நீங்கள் எங்கே உட்கார்ந்து விளையாடுகிறீர்கள்? எங்கே விளையாட ஆசை என்பதில்லை, நிஜமாகவே எங்கே விளையாடுகிறீர்கள். ஹாஸ்டலில் இருப்பவர், வேலைக்காக அடிக்கடி இடம் மாறுபவர், மேசை போட இடமே இல்லாதவர், இவர்களிடம் போய் டெஸ்க்டாப்பின் பெருமை பேசுவது வீண். ஆனால் லேப்டாப்பை வாங்கி, அதே மேசையில் வைத்து, சார்ஜரை நிரந்தரமாகச் செருகி, தனி மானிட்டரையும் கீபோர்டையும் மாட்டி விளையாடும் ஆட்கள் எனக்குத் தெரிந்தே நிறைய. நானும் அந்த ரகம்தான், விளையாடுவதெல்லாம் ஒரே நாற்காலியில். அப்படிப்பட்டவர் லேப்டாப் வாங்கினால் தூக்கிப்போகும் வசதிக்குப் பணம் கொடுத்துவிட்டு, அதைப் பயன்படுத்தாமல், அதன் சூட்டையும் ஃபேன் சத்தத்தையும் மட்டும் அனுபவிப்பார்.

ஆக டெஸ்க்டாப். இங்கே முதல் வேலை, இழுத்துப் பிடிப்பது கார்டா பிராசசரா என்று கண்டுபிடிப்பது. இதற்குக் காசு செலவில்லை. உங்களுக்குத் திணறும் ஆட்டத்தைத் திறந்து, திணறும் அதே இடத்தில் நின்று, ஃபிரேம் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் ரெசல்யூஷனை 720க்கு இறக்குங்கள். ஃபிரேம் சட்டென்று ஏறினால் கார்டுதான் பிரச்சினை. ஏறாமல் அப்படியே நின்றால் பிராசசர்தான்; கார்டை எவ்வளவு பெரிதாக வாங்கினாலும் அந்த இடத்தில் பயனில்லை. எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற மென்பொருளைப் போட்டு ஜிபியு (கிராபிக்ஸ் சிப்) சதவீதத்தைத் திரையிலேயே வைத்துப் பார்த்தால் இன்னும் தெளிவு, 97, 98 என்று நின்றால் கார்டு முழு மூச்சில் வேலை செய்கிறது என்று அர்த்தம். பிராசசரின் மொத்த சதவீதத்தை மட்டும் நம்ப வேண்டாம். 40 என்று காட்டும், ஆனால் அதில் ஒரு கோர் 100இல் முட்டிக்கொண்டு நிற்கும்.

என் சிஸ்டத்தில் இரண்டு விதமும் நடக்கிறது. பெரும்பாலான ஆட்டங்களில் கார்டு, கூட்டமான நகரக் காட்சிகளில் பிராசசர்.

கார்டு விஷயத்தில் பழைய போர்டுக்காரர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது, அதிகம் பேர் பேசுவதில்லை. பி450 போர்டில் இருப்பது பிசிஐஇ 3.0, அதாவது கார்டுக்கும் போர்டுக்கும் நடுவே தரவு ஓடும் பாதையின் பழைய தலைமுறை. ஆர்டிஎக்ஸ் 4060, 5060, ஆர்எக்ஸ் 7600 எல்லாம் 16 லேன் (அந்தப் பாதையின் தடங்கள்) ஸ்லாட்டில் உட்கார்ந்தாலும் 8 லேன்தான் பயன்படுத்தும் கார்டுகள். புது போர்டில் அது ஒரு குறையே இல்லை, லேனின் வேகம் அதிகம். பழைய போர்டில் லேனும் பாதி, வேகமும் குறைவு. சாதாரணமாக வித்தியாசம் கொஞ்சம்தான், ஆனால் கார்டின் 8 ஜிபி நிரம்பி வழிந்து, ராமுக்கும் கார்டுக்கும் நடுவே தரவு போய் வரத் தொடங்கியதும் ஆட்டம் வெட்டி வெட்டி ஓடும். அதனால் நான் பார்த்து வைத்திருப்பது ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி, 16 ஜிபி ரகம்: முழு 16 லேன், நிரம்பி வழியாத நினைவகம், 160 வாட்தான். இதே பெயரில் 8 ஜிபி ரகமும் விற்கிறார்கள், அவசரத்தில் அதை எடுத்துவிடக் கூடாது. இன்டெல் ஆர்க் கார்டுகள் ஆசை காட்டினாலும், ரீசைசபிள் பார் (கார்டின் நினைவகம் முழுவதையும் பிராசசர் ஒரே மூச்சில் அணுகும் வசதி) இல்லாத போர்டில் அவை சோடை போகும், அந்த வசதி பயாஸில் (போர்டுக்குள் இருக்கும் அடிப்படை மென்பொருளில்) இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அந்தப் பக்கம் போக வேண்டும்.

பிராசசர் விஷயத்தில், என் பி450 போர்டில் இருப்பது போல ஏஎம்4 சாக்கெட் (பிராசசர் உட்காரும் இடம்) வைத்திருப்பவர்கள் கொடுத்து வைத்தவர்கள். 2017இல் முதல் ரைசன் வந்த அதே சாக்கெட்டில் 2022இல் வந்த ரைசன் 5 5600ஐயும் 5800எக்ஸ்3டியையும் மாட்டலாம். என் 2600இல் 16 எம்பி எல்3 கேஷ் (பிராசசருக்குள்ளேயே இருக்கும் வேகமான நினைவகம்), அதுவும் இரண்டு கூறாகப் பிரிந்து கிடக்கிறது; 5600இல் ஆறு கோரும் 32 எம்பியைப் பொதுவில் வைத்துக்கொள்கின்றன; எக்ஸ்3டியில் 96. எக்ஸ்3டி நல்ல விலையில் கிடைத்தால் யோசிக்கவே வேண்டாம், கிடைக்காவிட்டால் 5600 தாராளம். 5500 என்று ஒன்று இருக்கிறது, எண்ணில் பக்கத்தில் இருந்தாலும் கேஷ் பாதிதான், அதை விட்டுவிடலாம். முக்கியமாக, ராமை மாற்ற வேண்டியதில்லை. அடுத்த சாக்கெட்டான ஏஎம்5க்குப் போனால் போர்டு, பிராசசர், டிடிஆர்5 ராம் மூன்றும் சேர்ந்து வாங்க வேண்டும், 2025 கடைசியிலிருந்து ராம் விற்கும் விலைக்கு அது இப்போது வேண்டாத வேலை.

மாற்றும்போது வரிசை முக்கியம். பழைய பிராசசர் மாட்டியிருக்கும்போதே பயாஸை அப்டேட் செய்துவிட வேண்டும், கழற்றிய பிறகு யோசித்தால் புது பிராசசரை போர்டுக்கு அடையாளமே தெரியாது. விண்டோஸில் டிரைவ் என்கிரிப்ஷன் போட்டிருந்தால் மீட்புச் சாவியை ஃபோனிலோ தாளிலோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், புது பிராசசருடன் முதல் முறை ஆன் செய்யும்போது எஃப்டிபிஎம்மை (பிராசசருக்குள் சாவிகளைப் பாதுகாக்கும் பகுதியை) ரீசெட் செய்யவா என்று போர்டு கேட்கும், சரி என்று அழுத்தினால் விண்டோஸ் அந்தச் சாவியைக் கேட்கும். பிராசசர் மேல் உட்கார்ந்து சூட்டை இழுக்கும் ஹீட் சிங்கை எடுப்பதில் இன்னும் ஜாக்கிரதை: ஏஎம்4இல் பின்கள் பிராசசரின் அடியில் இருக்கின்றன, தெர்மல் பேஸ்ட் காய்ந்து இறுகியிருந்தால் நேராகத் தூக்கும்போது பூட்டிய சாக்கெட்டிலிருந்து பிராசசரும் சேர்ந்து பிடுங்கிக்கொண்டு வரும், பின் வளையும். கொஞ்ச நேரம் ஏதாவது ஆட்டத்தை ஓடவிட்டுச் சூடேற்றி, ஆஃப் செய்து பிளக்கைப் பிடுங்கி, கிளிப்பைக் கழற்றியதும் ஹீட் சிங்கை இடமும் வலமும் மெதுவாகத் திருகினால் பேஸ்ட் விட்டுக்கொடுக்கும். பிறகு தூக்கலாம்.

எஸ்எம்பிஎஸ் பற்றி ஒரு வரி: வாட் எண்ணைவிட வயசையும் தரத்தையும் பாருங்கள், கேபினெட்டோடு இலவசமாக வந்ததாக இருந்தால் கார்டுக்கு முன்னால் அதைத்தான் மாற்ற வேண்டும்.

இந்தக் கணக்கு எல்லாருக்கும் பொருந்தாது. இன்டெல் 4ஆம் தலைமுறை, டிடிஆர்3 ராம் என்று 2013 காலத்துச் சிஸ்டம் வைத்திருப்பவருக்கு அப்கிரேடு என்று எதுவும் இல்லை, கேபினெட்டையும் எஸ்எஸ்டியையும் தவிர எல்லாம் புதுசு. விண்டோஸ் 11க்கும் இன்டெல்லில் 8ஆம் தலைமுறையாவது வேண்டும், விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்றே முடிந்துவிட்டது. அவர்கள் யோசிக்க வேண்டியது புது டெஸ்க்டாப்பா லேப்டாப்பா என்பதை. அங்கே லேப்டாப்புக்குப் பலம் கொஞ்சம் கூடுதல்தான்.

நான் முதலில் கார்டை வாங்குகிறேன், பிராசசர் அதற்கு அடுத்து, அதுவும் அந்த நகரக் காட்சிகள் பொறுக்க முடியாமல் போனால். கட்டிலில் சாய்ந்துகொண்டு விளையாடும் ஆசைக்கு, அலுவலக வேலைக்கு வைத்திருக்கும் சாதாரண லேப்டாப்பே போதும்: டெஸ்க்டாப்பில் சன்ஷைன், லேப்டாப்பில் மூன்லைட், டெஸ்க்டாப்பில் ஓடும் ஆட்டத்தை நெட்வொர்க் வழியாக லேப்டாப் திரைக்கு அனுப்பும் மென்பொருள்கள், இரண்டும் இலவசம். டெஸ்க்டாப்பை ரூட்டருடன் கேபிளால் இணைத்து, லேப்டாப்பை 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் வைத்தால் வீட்டுக்குள் தாமதம் பெரிதாகத் தெரியவில்லை. சுட்டு விளையாடும் போட்டி ஆட்டங்களுக்கு இது ஆகாது, அதற்கு மேசைக்குத்தான் வர வேண்டும்.